கத்திக்குத்துக்கு ஆளான பிள்ளையோடு கூடப் போவது எப்படி? கொழும்பில் புதிதாக உதவ வருபவர்களுக்கு

கொட்டாஞ்சேனையில் நான் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் வகுப்புக்கு ஒரு பையன் மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் வலது கையில் கட்டோடு வந்தான். கேட்டதற்கு, "சைக்கிளால விழுந்திட்டேன் சேர்" என்றான். நானும் நம்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்தும் அவனால் பேனையைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. அப்போதுதான் மெதுவாகச் சொன்னான். சண்டையில் யாரோ கத்தியை நீட்ட, இவன் அதை வெறுங்கையால் பிடித்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் தைத்து, கிளினிக் திகதி எழுதிய துண்டும் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் திகதிக்கு அவன் போகவில்லை. அம்மா குவைத்தில். வீட்டில் அம்மம்மா மட்டும், அவவுக்குப் படி இறங்கவே கஷ்டம். கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை.

அன்றிலிருந்து இந்த வேலையை நான் விடவில்லை. கொழும்பில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவி இருக்கிறது, பெரும்பாலும் காசும் கேட்பதில்லை. ஆனால் ஒன்று பெரியாஸ்பத்திரியில், ஒன்று பொலிஸில், ஒன்று புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில், ஒன்று பிரதேச செயலகத்தில். தையல் போட்ட கையோடு பதினாறு வயதுப் பிள்ளை அத்தனை கவுண்டருக்கும் தனியாகப் போய் நிற்க மாட்டான். கூடப் போக ஒருவர் வேண்டும். நீங்கள் டியூஷன் மாஸ்டராகவோ, கோயில் தொண்டராகவோ, சேர்ச் இளைஞர் குழுவில் இருப்பவராகவோ, பக்கத்து வீட்டு அக்காவாகவோ, பிள்ளையை வேலைக்கு வைத்திருக்கும் கடை முதலாளியாகவோ இருக்கலாம். சட்டமோ மருத்துவமோ படித்திருக்கத் தேவையில்லை. எங்கே போவது, என்ன கேட்பது, எந்தத் துண்டைப் பத்திரப்படுத்துவது என்று தெரிந்திருந்தால் போதும்.

முதல் அரை மணி நேரம்

சம்பவம் உங்கள் கண் முன்னால் நடந்தால், குத்தியவர் போய்விட்டாரா என்று முதலில் பாருங்கள். நீங்களும் விழுந்தால் உதவ ஆள் இல்லை. அப்புறம் 1990. சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பக்கத்தில் இருக்கும் கோயில், பள்ளிக்கூடம், பேக்கரி என்று தெரிந்த இடத்தை வைத்துச் சொல்லுங்கள். தோட்டத்து ஒழுங்கைகளிலும் தொடர்மாடிகளிலும் வண்டி உள்ளே வர முடியாது, ஆகவே ஒருவரை வீதி முனைக்கு அனுப்பி வைப்பது நல்லது. சிங்களத்தில் சொல்ல வேண்டி வந்து வார்த்தை வரவில்லையென்றால் "லே யனவா" என்றாலே போதும், இரத்தம் போகிறது என்று விளங்கிவிடும். பொலிஸ் அவசர இலக்கம் 119.

வண்டி வரும்வரை செய்ய வேண்டியது ஒன்றுதான்: சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் பலமாக அழுத்திக்கொண்டே இருப்பது. நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். கத்தி உடம்பில் செருகி நின்றால் அதைப் பிடுங்கவே வேண்டாம், அது அசையாமல் இரண்டு பக்கமும் துணியை அணைத்துப் பிடியுங்கள். பிடுங்கினால் உள்ளே அடைபட்டிருந்த இரத்தமும் சேர்ந்து வரும். நெஞ்சில் குத்தென்றால் மூச்சு விட வசதியாகச் சாய்த்து உட்கார வையுங்கள். வயிற்றில் என்றால் குடிக்க ஒன்றும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட. சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

கோப்பித்தூளும் மஞ்சளும் வேண்டாம். நம் வீடுகளில் இன்னும் முதலில் கை போவது அந்த டப்பாவுக்குத்தான். அள்ளிப் போட்டால், தைக்க முன் அதைக் கழுவி எடுப்பதே டாக்டருக்குத் தனி வேலை. பிள்ளைக்கும் வலி, கிருமி தொற்றவும் வழி.

ஆஸ்பத்திரியில்

கொழும்பு நகருக்குள் பெரிய காயம் என்றால், பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தவர்களுக்குக் களுபோவில கிட்ட. சின்னப் பிள்ளையென்றால் பொரளையில் இருக்கும் லேடி ரிட்ஜ்வே. பொலிஸ் முறைப்பாடு இல்லாமல் போனால் பார்க்க மாட்டார்கள் என்ற பயத்தில் பக்கத்துத் தனியார் டிஸ்பென்சரியில் தைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் பலர். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைதான் முதலில். பொலிஸ் பதிவு அதன் பிறகு, பெரும்பாலும் அங்கேயே இருக்கும் பொலிஸ் காவலரண் வழியாக நடக்கும்.

எப்படிக் காயம் வந்தது என்று டாக்டர் கேட்கும்போது உண்மையைச் சொல்ல விடுங்கள். கத்தி எவ்வளவு நீளம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்தால் உள்ளே எது வெட்டுப்பட்டிருக்கும் என்று அவர்களால் யோசிக்க முடியும். "கண்ணாடி கிழிச்சது" என்று பொய் சொன்னால் நுரையீரலைத் தொட்ட காயம்கூடத் தோல் காயம் போலத் தெரியலாம். ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் வெட்டு என்றால் ஒரு கேள்வியை நீங்களே கேட்க வேண்டும்: "நரம்பு, தசைநாண் வெட்டுப்பட்டிருக்கிறதா?" கத்தியைத் தடுக்கக் கையை நீட்டும் பிள்ளைகளுக்கு உள்ளங்கையிலும் விரல் மடிப்பிலும்தான் காயம் வரும். மேலே இரண்டு அங்குலத் தையல்தான் தெரியும். உள்ளே விரலை மடக்கும் நாண் அறுந்திருக்கும். ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக மடக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு விரல் மடங்கவில்லையென்றாலோ, விரல் நுனி மரத்துக் கிடந்தாலோ, அதை டாக்டரிடம் சொல்லாமல் வீட்டுக்குப் போகாதீர்கள். அந்த நாணைத் தைப்பது நாட்கள் போகப் போகக் கடினமாகிக்கொண்டே வரும். தைத்த பிறகும் பிசியோதெரபி கிளினிக்குக்கு வாரக்கணக்கில் போனால்தான் விரல் மடங்கும். நம் பிள்ளைகள் கோட்டை விடுவது அங்கேதான். தையல் பிரித்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். என் வகுப்புப் பையனுக்கும் அதுதான் நடந்தது. கை பாதியாவது திரும்பிவிட்டது, ஆனால் முதல் மாதமே போயிருந்தால் என்று இன்றும் எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

அதனால் கிளினிக் திகதிகளை உங்கள் போனில் போட்டு வைத்து, முதல் நாள் இரவே பிள்ளைக்கு ஒரு கோல் எடுங்கள். கிளினிக்குக்குக் கூட்டிப் போக அம்புலன்ஸ் வராது, நீங்கள்தான் ஆட்டோ பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

வீட்டுக்கு விடும்போது, என்ன காயம், என்ன சிகிச்சை என்று எழுதிய டயக்னோசிஸ் கார்ட் தருவார்கள். அதைப் போனில் படம் எடுத்து, மூலத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பள்ளிக்கூடம், வேலையிடம், நீதிமன்றம் எல்லாமே அதைத்தான் கேட்கும். இரத்தம் பட்ட உடுப்பைத் துவைக்கவும் வேண்டாம், பிளாஸ்டிக் பையில் கட்டவும் வேண்டாம். காகிதப் பையில் போட்டுப் பொலிஸிடம் கொடுங்கள்.

அடுத்தது சட்ட வைத்திய அதிகாரி. காயம் எப்படிப்பட்டது, சாதாரணமா கடுமையா, எந்த ஆயுதத்தால் வந்திருக்கலாம் என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பவர் அவர்தான். பொலிஸ் ஒரு படிவம் கொடுத்து அவரிடம் அனுப்பும். வார்டிலிருந்து பிள்ளையை வெளியே விடுவதற்கு முன் இது நடந்ததா என்று கேளுங்கள். காயம் ஆறிய பிறகு போனால் சொல்வதற்கு அவரிடம் அதிகம் இருக்காது.

பொலிஸும் புதுக்கடையும்

முறைப்பாடு செய்வதா வேண்டாமா என்று வீட்டில் சண்டை வரும். "பிரச்சினை பெரிசாகிடும்" என்று மாமா சொல்வார். முடிவு பிள்ளையுடையதும் பெற்றோருடையதும்தான். ஆனால் முறைப்பாடு இல்லாவிட்டால் பிறகு நட்டஈடோ பாதுகாப்போ கேட்கப் பிடிமானம் இருக்காது என்பதை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

போகும்போது பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள். வாக்குமூலத்தை எழுதி முடித்ததும் அதை வாசித்துக் காட்ட வேண்டும், அதன் பிறகுதான் கையெழுத்து. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தமிழ் அரச கரும மொழி, தமிழில் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. ஆனாலும் பல நேரம் சிங்களத்தில்தான் எழுதுவார்கள். அப்படியானால், "சேர், தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்து விளங்கப்படுத்தினால் கையெழுத்து வைக்கிறோம்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். குரலை உயர்த்தத் தேவையில்லை. விளங்காத தாளில் பிள்ளை கையெழுத்து வைக்க நீங்கள் விடக்கூடாது, அவ்வளவுதான். முறைப்பாட்டு இலக்கம், திகதி, எழுதிய அதிகாரியின் பெயர், மூன்றையும் வாங்கி டயக்னோசிஸ் கார்டோடு சேர்த்து வையுங்கள்.

ஒரு பொலிஸ் நிலையத்தில் இரண்டு தடவை "நாளைக்கு வாங்க" என்று எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை ஒரு சட்டத்தரணியோடு போனோம், பத்து நிமிஷத்தில் எழுதினார்கள். 2012ஆம் ஆண்டிலிருந்தே சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கு வந்து தன் கட்சிக்காரருக்காகப் பேசலாம் என்று விதி இருக்கிறது. காசில்லாதவர்களுக்கு, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. தலைமை அலுவலகம் புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில். அடையாள அட்டை, வருமானத்தைக் காட்டும் ஏதாவது ஒரு கடிதம், முறைப்பாட்டு இலக்கம் மூன்றையும் கொண்டு காலையிலேயே போங்கள். உரிமை மீறல் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு, தொலைபேசி இலக்கம் 1996.

தண்டனைச் சட்டக்கோவையில் ஆபத்தான ஆயுதத்தால் காயம் ஏற்படுத்துவது 315ஆம் பிரிவு, கடுங்காயம் என்றால் 317, கொலை முயற்சி 300. எந்தப் பிரிவில் வழக்குப் போடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சின்னச் சண்டையென்று மத்தியஸ்த சபைக்குப் போகுமா, நீதவான் நீதிமன்றத்துக்குப் போகுமா என்பது அதை வைத்துத்தான் தீர்மானமாகும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிப்பதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. முதலில் 2015இல் வந்தது, பிறகு அதன் இடத்தில் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதற்கென ஒரு தேசிய அதிகார சபையும் கொழும்பில் இயங்குகிறது. பாதிக்கப்பட்டவரை மரியாதையாக நடத்த வேண்டும், வழக்கு எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டும், அச்சுறுத்தல் இருந்தால் பாதுகாப்புக் கேட்கலாம், நட்டஈடு கேட்கலாம். சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். "வழக்கை வாபஸ் வாங்கு, இல்லாட்டி தம்பியைப் பார்த்துக்கொள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த போனை அப்படியே வைத்துக்கொண்டு போங்கள்.

பிள்ளையிடமும் கத்தி இருந்தால்

இது நடக்கும். காயப்பட்டவன், காயப்படுத்தியவன் என்ற கோடு எப்போதும் நேராக இருப்பதில்லை. பயத்தில் கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த பிள்ளைதான் பல சமயம் அதே கத்தியால் குத்து வாங்குகிறான். உங்களிடம் அவன் இதைச் சொன்னால், முதலில் சட்டத்தரணியிடம் கூட்டிப் போங்கள். கத்தியை நீங்கள் வாங்கி ஒளிக்கவோ களனி கங்கையில் எறியவோ வேண்டாம், நீங்களும் வழக்குக்குள் போவீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் நன்னடத்தை உத்தியோகத்தரும் வருவார். அவரை எதிரியாகப் பார்க்க வேண்டாம், பிள்ளையைச் சிறைக்கு வெளியே வைத்திருக்கப் பாடுபடுகிற நல்ல உத்தியோகத்தர்கள் எத்தனையோ பேரை நான் கண்டிருக்கிறேன்.

அதைவிட அவசரமானது பழிவாங்கும் பேச்சு. தையல் போட்ட இரவே நண்பர்கள் வார்டு வாசலில் கூடி நிற்பார்கள். "மச்சான், நாளைக்கே போவோம்" என்பார்கள். அந்த நேரத்தில் புத்தி சொல்லிப் பயனில்லை. நான் செய்வது, பிள்ளையைச் சில நாளைக்கு அந்தத் தெருவிலிருந்து எடுப்பது. வத்தளையில் சித்தி வீடு, ஹட்டனில் பெரியப்பா வீடு, எங்காவது. போனையும் கொஞ்சம் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள், சண்டை வீடியோ சுற்றிக்கொண்டிருக்கும். நண்பர்களில் நிதானமான ஒருவன் எப்போதும் இருப்பான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுங்கள்: "நீ நாளைக்கு அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிட்டு வா." எனக்குத் தெரிந்து இதைப் போல் பலித்த வழி வேறில்லை.

மனசுக்கு

தூக்கம் வராது. கதவு படாரென்று அடித்தால் துள்ளுவான். சம்பவம் நடந்த ஒழுங்கையைச் சுற்றி வேறு வழியால் போவான். சும்மா இருக்கும்போதே அம்மாவோடு எரிந்து விழுவான். முதல் வாரங்களில் இவையெல்லாம் வருவது இயற்கை, பைத்தியம் இல்லை என்று அவனிடமே சொல்லுங்கள். அந்த ஒரு வசனத்தைக் கேட்டு அழுத பிள்ளைகள் உண்டு.

"என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லு" என்று துருவாதீர்கள். பொலிஸ், டாக்டர், அதிபர், மாமா என்று ஏற்கெனவே எத்தனை தடவை சொல்லியிருப்பான். பக்கத்தில் உட்காருங்கள், பிளேன்டீ வாங்கிக் கொடுங்கள், அவனாகச் சொன்னால் கேளுங்கள். ஒரு மாதம் தாண்டியும் தூக்கமும் பயமும் அப்படியே இருந்தால், சாப்பாடு விட்டுப்போனால், போதைக்குக் கை போனால் வைத்தியரிடம் போக வேண்டிய நேரம். சாகிற பேச்சு ஒரு தடவை வந்தாலே காத்திருக்கக்கூடாது, அன்றைக்கே.

இங்கே தடையாக நிற்பது ஒரு சொல். "அங்கொடைக்கா அனுப்பப் போறீங்க?" என்று அம்மம்மா கேட்பா. அந்த ஊர்ப் பெயரையே நாம் வசையாக்கி வைத்திருக்கிறோம். அங்கே இருப்பது தேசிய மனநல நிறுவனம், நல்ல வைத்தியர்கள் இருக்கும் இடம். அதுவும் எல்லோரும் அங்கே போகத் தேவையில்லை. பெரியாஸ்பத்திரியிலும் களுபோவிலயிலும் மனநல கிளினிக் உண்டு, ஓபிடியில் காட்டினால் துண்டு எழுதித் தருவார்கள். "தலையிடிக்கும் தூக்கத்துக்கும் டாக்டரைப் பார்ப்போம்" என்று சொன்னால் வீட்டில் இலகுவாக ஒத்துக்கொள்வார்கள், அது பொய்யும் இல்லை.

இரவில் போன் எடுக்க: 1926 தேசிய மனநல உதவி இலக்கம், 1333 இலவச உளவளத்துணை இலக்கம். 1974இலிருந்து இயங்கும் சுமித்ரயோவும் இருக்கிறது, பெயர் கேட்காமல், தீர்ப்புச் சொல்லாமல் கேட்பார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள எந்தப் பிள்ளைக்கும் 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். கத்தியைத் தூக்கியவர் வீட்டுக்குள்ளேயே இருக்கும் கணவனோ காதலனோ என்றால், பெண் பிள்ளைகளுக்கு 1938. முதல் தடவை நீங்களே எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, தமிழில் பேசுபவர் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அப்புறம் அறையைவிட்டு வெளியே போங்கள்.

பிரதேச செயலகத்திலும் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். கொழும்பு நகரம் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று இரண்டு பிரதேச செயலகங்களுக்குள் வருகிறது. உங்கள் வீடு எதற்குள் என்று கிராம சேவகரிடம் கேட்டால் சொல்வார்.

பள்ளிக்கூடம், வேலை

அதிபரிடம் நீங்களும் ஒரு பெற்றோரும் சேர்ந்து போங்கள். "சண்டைக்காரப் பிள்ளை" என்று பெயர் கட்டி விலக்கிவிடும் முன், டயக்னோசிஸ் கார்டோடு உண்மையைச் சொன்னால் பெரும்பாலான அதிபர்கள் இரங்குவார்கள். ஓ.எல், ஏ.எல் பரீட்சை கிட்ட இருந்து கை எழுதாது என்றால், விசேட ஏற்பாடு வேண்டுமென்று அதிபர் மூலம் பரீட்சைத் திணைக்களத்துக்கு எழுத்தில் கேளுங்கள், பரீட்சைக்கு முதல் வாரத்தில் ஓடாமல் முன்கூட்டியே. படிப்புக்குத் திரும்ப மனம் இல்லாதவனுக்கு நாரஹேன்பிட்டியில் தொழிற்பயிற்சி அதிகார சபை இருக்கிறது.

மலையகத்திலிருந்தும் வடக்கு, கிழக்கிலிருந்தும் புறக்கோட்டைக் கடைகளுக்கு வந்து போர்டிங்கில் தங்கும் பிள்ளைகள்தான் எனக்குப் பெரிய கவலை. அடையாள அட்டையில் விலாசம் பண்டாரவளை, கிராம சேவகர் கடிதம் அங்கே, கிளினிக் இங்கே. இரண்டு கிழமை வேலைக்குப் போகாவிட்டால் இடம் போய்விடும் என்று தையல் கையோடு மூட்டை தூக்குவான். முதலாளியிடம் நீங்கள் நேரில் போய், கார்டைக் காட்டி, எத்தனை நாள் லீவு என்று எழுதி வாங்குங்கள். ஊரில் அம்மாவுக்கு முதல் போனையும் நீங்களே எடுங்கள். "ஆபத்து இல்லை, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்பதை முதலில் சொல்லி, மிச்சத்தை அப்புறம் சொல்லுங்கள்.

காயமே படாதவர்கள்

பார்த்துக்கொண்டு நின்ற தங்கச்சி. இரத்தத்தைக் கழுவிய அக்கா. ஓடிப்போனதற்காக இன்னும் வெட்கப்படும் நண்பன். குத்தியவனின் தம்பி, அவனோடு இப்போது வகுப்பில் யாரும் உட்கார்வதில்லை. இவர்களுக்குத் தையலும் இல்லை, துண்டும் இல்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள். மேலே சொன்ன இலக்கங்கள் எல்லாம் இவர்களுக்கும்தான். காயப்பட்டவனைப் பார்க்க வீட்டுக்குப் போகும்போது மூலையில் நிற்கும் சின்னவளிடமும் "நீ சாப்பிட்டியா, நித்திரை வருதா?" என்று கேளுங்கள்.

கடைசியாக உங்களுக்கு. தனியாகச் செய்யாதீர்கள், இரண்டு பேராக இருங்கள். இரவில் பெண் பிள்ளை வீட்டுக்கு ஆண் தனியாகப் போக வேண்டாம். காசு வாங்கவும் வேண்டாம், உங்களால் தாங்காத காசைக் கொடுக்கவும் வேண்டாம். பிள்ளை சொன்னதை வகுப்பிலோ கோயில் வாசலிலோ சொல்லாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், அவனிடம் சொல்லிவிட்டு, உரியவரிடம் சொல்லுங்கள். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று முதலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டால் அந்த நேரத்தில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். 1990, 119, 1926, 1929, 1333, 1938, 1996 ஆகிய ஏழு இலக்கங்களையும் ஒரு சின்னத் தாளில் எழுதிப் பர்சில் வையுங்கள். போன் சார்ஜ் தீர்ந்த இரவில் எனக்கு அந்தத் தாள் இரண்டு தடவை உதவியிருக்கிறது.